வெப் சர்வருக்குள் ஜாவாவை அடைப்பது சிக்கனம் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மொரிஷியஸ் தீவிலுள்ள கோயில் சபைகளும் தமிழ்ச் சங்கங்களும் இணையச் செலவைக் குறைத்துக்கொள்ளும் வழிகளைப் பற்றித் தங்கள் இதழின் கணினிப் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதிலுள்ள யோசனைகளில் பெரும்பாலானவை நல்லவை. அவற்றை நான் தொடப்போவதில்லை. ஆனால், உறுப்பினர் பட்டியல், காவடிப் பதிவு, நன்கொடை ரசீது முதலியவற்றுக்கு ஜாவாவில் எழுதிய செயலிகளை வைத்திருப்பவர்கள், டாம்கேட் போன்ற அப்ளிகேஷன் சர்வரை, அதாவது ஜாவா செயலிகளை ஓட்டும் மென்பொருளை, தனியே ஓட்டாமல், உலாவிகளுக்குப் பக்கங்களை அனுப்பும் வெப் சர்வரின் ப்ராசஸுக்குள்ளேயே ஏற்றிவிடலாம், அதனால் ஒரு சர்வரின் வாடகை மிச்சமாகும், வேகமும் கூடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை மறுக்காமல் விட முடியவில்லை. எபேனில் இத்தகைய சர்வர்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்த யோசனை ஏன் தவறானது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

முதலில் செலவுக் கணக்கைப் பார்ப்போம். கட்டுரையாளர் ப்ராசஸையும் எந்திரத்தையும் ஒன்றாக எண்ணிவிட்டார் என்று தோன்றுகிறது. ப்ராசஸ் என்பது இயங்குதளம் தனி நினைவகமும் தனி அடையாள எண்ணும் கொடுத்து ஓட்டும் ஒரு நிரல். ஒரே எந்திரத்தில் அப்படி நூற்றுக்கணக்கானவை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்பாச்சி வெப் சர்வர் ஒரு ப்ராசஸாகவும், டாம்கேட் இன்னொரு ப்ராசஸாகவும், தரவுத்தளம் மூன்றாவதாகவும் ஒரே வாடகை எந்திரத்தில் ஓடலாம். நம் சபைகளில் பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகின்றன. இரண்டை ஒன்றாக்கினாலும் மாத இறுதியில் வரும் பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஜாவா மெய்நிகர் எந்திரம், அதாவது ஜேவிஎம், எங்கே ஓடினாலும் தனக்கு வேண்டிய நினைவகத்தைக் கேட்டு வாங்கவே செய்யும்.

அப்படியானால் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். இது கட்டுரையாளரின் கற்பனை அன்று. ஒரு காலத்தில் நியாயமான காரணத்தோடு செய்யப்பட்டதுதான். ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம், வலைப்பக்கங்களைத் தயாரிக்கும் தன் சர்வ்லெட் நிரல்களை 1999இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்து, அது டாம்கேட் 3 ஆக வெளிவந்த நாள்களில், டாம்கேட் தானே நேரடியாக இணையத்தை எதிர்கொள்ளும் அளவுக்கு வேகமாகவும் இல்லை, உறுதியாகவும் இல்லை. படங்களையும் நிலையான பக்கங்களையும் அப்பாச்சியோ மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸோ கொடுக்கும். ஜாவா பக்கங்கள் மட்டும் டாம்கேட்டுக்குப் போகும். இரண்டையும் இணைக்க மாட்-ஜேகே என்னும் இணைப்பான் இருந்தது. அந்த இணைப்பானின் அமைப்புக் கோப்பில் இரண்டு வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஏஜேபி என்னும் நெறிமுறை வழியாக, இரு ப்ராசஸ்களை இணைக்கும் சாக்கெட் மூலம் வேறொரு ப்ராசஸிலுள்ள டாம்கேட்டோடு பேசுவது ஒன்று. ஜாவாவையும் பிற மொழி நிரல்களையும் இணைக்கும் ஜேஎன்ஐ என்னும் இடைமுகத்தின் வழியாக, வெப் சர்வரே ஜேவிஎம்மைத் தன் நினைவகத்துக்குள் உருவாக்கி, டாம்கேட்டின் வகுப்புகளை ஏற்றி, ஒரு சார்பை அழைப்பதுபோல் நேரடியாக அழைப்பது மற்றொன்று. ஜேவிஎம் நூலகக் கோப்பு எங்கே இருக்கிறது, வகுப்புப் பாதை எது, வெளியீட்டை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்பவற்றை எல்லாம் அந்த அமைப்புக் கோப்பிலேயே குறித்துவிட்டால் போதும். வெப் சர்வர் எழும்போது டாம்கேட்டும் கூடவே எழும். நிர்வகிக்க ஒரே சேவை. சாக்கெட் இல்லை, தனி போர்ட் (இணைப்பு வாயில் எண்) இல்லை. அன்றைய எந்திரங்களில், ஒரு ப்ராசஸிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் சூழல் மாற்றத்துக்கும் சாக்கெட் நகலெடுப்பிற்கும் ஆன செலவு கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்ததால், இந்த வழி கவர்ச்சியாகவே இருந்தது.

ஆனால், அதை உருவாக்கியவர்களே பின்னாளில் கைவிட்டார்கள் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. மாட்-ஜேகே2 என்ற புதிய இணைப்பான் திட்டம் 2004இல் நிறுத்தப்பட்டது. பழைய மாட்-ஜேகேயிலும் ஜேஎன்ஐ வகை பரிந்துரைக்கப்படாத ஒன்றாக அறிவிக்கப்பட்டுப் பிறகு நீக்கப்பட்டது. 2005 டிசம்பரில் வந்த அப்பாச்சி 2.2, ஏஜேபியை, வேண்டுகோள்களை வேறு சர்வருக்குக் கடத்தும் தன் ப்ராக்ஸி பகுதிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டபோது, தனிப் ப்ராசஸோடு சாக்கெட் வழியாகப் பேசும் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. எனவே இன்று ஒருவர் அப்பாச்சிக்குள் டாம்கேட்டை ஏற்ற விரும்பினால், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன மிகப் பழைய பதிப்புகளைத் தேடிப் பிடித்தாக வேண்டும். அல்லது தாமாகவே சி மொழியில் ஒரு மாட்யூலை (வெப் சர்வரின் இணைப்புப் பகுதியை) எழுத வேண்டும். இரண்டும் சிக்கனம் ஆகா.

வேகத்தைப் பற்றிய வாதத்தையும் அளந்து பார்த்துவிடலாம். ஒரே எந்திரத்துக்குள் லூப்பேக் முகவரி வழியாக ஒரு வேண்டுகோள் போய்த் திரும்ப ஆகும் நேரம் மைக்ரோ நொடிகளில் எண்ணப்படுவது. ஏஜேபியும் சரி, கீப்-அலைவ் வைத்த ஹெச்டிடிபியும் சரி, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிய இணைப்பைத் திறப்பதில்லை. திறந்த இணைப்பையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துகின்றன. அதற்கு எதிரே, சுமாரான ஒரு தரவுத்தளக் கேள்விக்கே மில்லி நொடிகள் ஆகின்றன. நம் சங்கங்களின் தளங்கள் பலவும் ஐரோப்பிய எந்திரங்களில் இருப்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது; போர்ட் லூயியிலிருந்து பாரிஸ் நேர்க்கோட்டிலேயே 9,000 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே எந்த சர்வரை எதற்குள் வைத்தாலும் போய்வர 90 மில்லி நொடிகளுக்குக் கீழே இறங்க இயற்கையே இடம் தராது; உண்மையில் சேஃப், லயன், மெட்டிஸ் என்று எந்தக் கடலடிக் கம்பி வழியாகப் போனாலும் பாதை வளைந்துதான் போகிறது. வேகம்தான் குறிக்கோள் என்றால், படங்களைச் சுருக்குவதும், உலாவியில் கேஷ் செய்ய (சேமித்துவைக்க) அனுமதிப்பதும், ஒரு பக்கத்துக்கு ஆகும் தரவுத்தளக் கேள்விகளைக் குறைப்பதும் நூறு மடங்கு பலன் தரும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இரண்டு நிரல்கள் ஒரே ப்ராசஸில் இருந்தால், ஒன்றின் சாவு மற்றொன்றின் சாவு. ஜாவா பாதுகாப்பான மொழி, அதில் நினைவகப் பிழை வராது என்ற பொதுவான எண்ணம் ஜாவா நிரலுக்குத்தான் பொருந்தும். ஜேவிஎம், ஓடும்போதே நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் அதன் உடனடித் தொகுப்பி, அது அழைக்கும் தரவுத்தள இயக்கிகளின் சி நூலகங்கள் ஆகியவற்றுக்குப் பொருந்தாது. அவற்றில் ஒன்றில் பிழை நேர்ந்தால் ஜேவிஎம் ஒரு பிழை அறிக்கைக் கோப்பை எழுதிவிட்டுத் தான் இருக்கும் ப்ராசஸையே முடித்துவிடும். அந்தப் ப்ராசஸ் அப்பாச்சியாக இருந்தால், அப்போது படங்களைப் பெற்றுக்கொண்டிருந்தவர்கள், வேறு டொமைனில் இருக்கும் கோயிலின் பூசை நேரப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என எல்லோருடைய இணைப்பும் அறுந்துபோகும். பிழையே இல்லாமலும் இது நடக்கும். செயலிக்குள் எங்கோ ஒரு மூலையில், தரவுத்தளம் கிடைக்காவிட்டால் சிஸ்டம் எக்ஸிட்டை அழைத்து நிறுத்திவிடு என்று ஒரு வரி இருந்தால், தனிப் ப்ராசஸில் அது டாம்கேட்டை மட்டும் நிறுத்தும். உள்ளே ஏற்றிய நிலையில் வெப் சர்வரையே நிறுத்தும். லினக்ஸில் நினைவகம் தீர்ந்துபோனால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும் என்பது பராமரிப்பவர்கள் அனைவரும் அறிந்தது. பிரித்து வைத்திருந்தால் பெரும்பாலும் பலியாவது அதிக நினைவகம் பிடித்திருக்கும் ஜாவா ப்ராசஸ்; சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்-டி, அப்படி அமைத்திருந்தால், அதைச் சில நொடிகளில் மீண்டும் எழுப்பிவிடும், அதுவரை வெப் சர்வர் நின்றுகொண்டிருக்கும்.

அது நின்றுகொண்டிருப்பதன் அருமை தைப்பூச வாரத்தில்தான் தெரியும். பதிவுப் படிவம் திறந்த சில நிமிடங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். செயலி திணறுகிறது, சில வேளை விழுகிறது. பிரித்து வைத்த ஏற்பாட்டில், பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, இந்த நேரத்திற்குப் பிறகு முயலுங்கள், அவசரமென்றால் சபை அலுவலகத்தை நேரில் அணுகுங்கள் என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய ஒரு நிலையான பக்கத்தை, 503 என்ற பிழைக் குறியோடு, வெப் சர்வர் தன் பொறுப்பில் காட்டும். ஊர்வலம் போகும் வழி, பால்குடம் எடுப்பவர்கள் கூடும் இடம் முதலிய பக்கங்கள் வழக்கம்போல் திறக்கும். ஒரே ப்ராசஸில் இருந்தால் அடியார்களுக்குக் கிடைப்பது உலாவியின் வெற்றுப் பிழைச் செய்தி மட்டுமே.

அப்பாச்சியின் அமைப்போடு இந்த முறை இயல்பாகவே முரண்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். யூனிக்ஸ் எந்திரங்களில் அப்பாச்சி நெடுங்காலம் ப்ரீஃபோர்க் முறையில் ஓடிற்று. ஒரு தாய்ப் ப்ராசஸ் பல குழந்தைப் ப்ராசஸ்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளைக் கவனிக்கும். ஜேவிஎம்மைத் தாயில் உருவாக்கிவிட்டுக் குழந்தைகளைப் பிரிக்க முடியாது. ஃபோர்க் செய்து அப்படிப் பிரிக்கும்போது, அழைத்த த்ரெட் (ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலை இழை) மட்டுமே குழந்தையில் உயிரோடு இருக்கும், குப்பை (பயன்படாத நினைவகம்) சேகரிக்கும் த்ரெட்டுகளும் தொகுப்பியின் த்ரெட்டுகளும் காணாமல் போய்விடும். எனவே ஒவ்வொரு குழந்தையும் தனக்கென ஒரு ஜேவிஎம்மைத் தொடங்க வேண்டும். ஒன்றுக்கு 256 மெகாபைட் என்று வைத்தாலும் 50 குழந்தைகளுக்கு 12 கிகாபைட்டைத் தாண்டும். நினைவகத்தை விடவும் பெரிய கேடு செஷன்களுக்கு நேர்கிறது. உறுப்பினர் ஒருவர் உள்நுழைந்த விவரம் முதல் குழந்தையின் ஜேவிஎம்மில் இருக்க, அவருடைய அடுத்த சொடுக்கு வேறொரு குழந்தைக்குப் போய்ச் சேரும். அங்கே அவரை யாருக்கும் தெரியாது, மீண்டும் கடவுச்சொல் கேட்கப்படும். ஆகவேதான், ஒரே ப்ராசஸில் பல த்ரெட்டுகளை வைத்து ஓடும் விண்டோஸ் அப்பாச்சியும் ஐஐஎஸ்ஸும் நெட்ஸ்கேப் வழிவந்த சர்வர்களும்தான் இந்த முறைக்கு ஏற்ற இடங்களாக இருந்தன.

அங்கேயும் த்ரெட்டுகள் சும்மா விடவில்லை. வெப் சர்வர் உருவாக்கிய ஒரு த்ரெட் ஜாவாவுக்குள் நுழையுமுன் தன்னை ஜேவிஎம்மோடு இணைத்துக்கொள்ள வேண்டும். வெளியேறும்போது பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிக்கத் தவறினால், அந்த த்ரெட் பிடித்து வைத்த பொருள்களைக் குப்பை சேகரிப்பான் தொட முடியாமல் நினைவகம் மெல்ல மெல்லக் கசியும். அதைக் காட்டிலும் தொல்லையானது காலவரம்பு. சாக்கெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் செயலி 30 நொடிகளில் பதில் தராவிட்டால் வெப் சர்வர் இணைப்பை வெட்டிவிட்டுத் தன் த்ரெட்டை மீட்டுக்கொள்ளலாம். ஆனால், அதே த்ரெட் ஜாவா நிரலுக்குள்ளே நின்றுகொண்டிருந்தால் அதைப் பாதுகாப்பாக வெளியே இழுக்க வழியே கிடையாது. ஜாவாவில் த்ரெட்டை வெளியிலிருந்து நிறுத்தும் பழைய கட்டளை ஆபத்தானது என்று நெடுங்காலமாக எச்சரிக்கப்பட்டு, ஜேடிகே 20 என்னும் ஜாவா வெளியீடு முதல் அது வேலையே செய்வதில்லை. விண்டோஸில் அப்பாச்சி இயல்பாக வைத்திருக்கும் த்ரெட்டுகள் 64. தரவுத்தளத்தில் ஒரு பூட்டு விழுந்து 64 பேரும் உள்ளே மாட்டிக்கொண்டால், 65ஆவதாக வருபவர் கோயிலின் தொலைபேசி எண்ணைப் பார்க்க மட்டுமே வந்திருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

மீளத் தொடங்குவதும் எளிதன்று. ஒரு ப்ராசஸில் ஒரே ஒரு ஜேவிஎம்தான் இருக்க முடியும். அதை அழித்துவிட்டு அதே ப்ராசஸில் இன்னொன்றை உருவாக்க, பரவலாகப் பயன்படும் ஜேவிஎம்மான ஹாட்ஸ்பாட் இடம் தருவதில்லை. எனவே செயலிக்கு ஜேவிஎம்மின் நினைவக அளவைக் கூட்ட வேண்டும் என்றால் வெப் சர்வரையே நிறுத்தித் தொடங்க வேண்டும். இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் சான்றிதழைப் புதுப்பிக்க வெப் சர்வரை மீளத் தொடங்கினால் உள்நுழைந்திருந்தவர்களின் செஷன்கள் எல்லாம் ஜேவிஎம்மோடு போய்விடும். இலவசச் சான்றிதழ்களை 90 நாளுக்குள் ஒருமுறை புதுப்பிக்கும் இக்காலத்தில் இது எப்போதாவது நேரும் தொல்லை அன்று. இயங்குதளம் ப்ராசஸுக்கு அனுப்பும் சிக்னல்களிலும் மோதல் உண்டு. யூனிக்ஸில் ஹாட்ஸ்பாட், வெற்றுச் சுட்டிகளைக் கண்டுபிடிக்கவே நினைவக மீறல் சிக்னலைப் பயன்படுத்துகிறது. அதே சிக்னலுக்கு வெப் சர்வரோ வேறொரு மாட்யூலோ தன் கையாளியை வைத்திருந்தால், இருவரையும் சங்கிலியாகக் கோக்கத் தனி நூலகத்தை முன்கூட்டியே ஏற்ற வேண்டும். இதை அறியாமல் அமைத்த சர்வர் மாதக்கணக்கில் நன்றாக ஓடி, ஒருநாள் காரணமே தெரியாமல் விழும். அன்று பிழை பிஹெச்பி மொழிக்கான மாட்யூலினுடையதா, ஜேவிஎம்மினுடையதா, அப்பாச்சியினுடையதா என்று கண்டுபிடிப்பவருக்கு நான் முன்கூட்டியே அனுதாபம் தெரிவித்துக்கொள்கிறேன்.

பாதுகாப்பும் இதனோடு சேர்ந்ததே. ஒரே ப்ராசஸில் இருப்பவை ஒரே பயனர் கணக்கில், ஒரே கோப்பு உரிமைகளோடு ஓடுகின்றன. வெப் சர்வரின் நினைவகத்தில் தளத்தின் டிஎல்எஸ் தனிச் சாவி இருக்கிறது. உறுப்பினர் பதிவுச் செயலியிலுள்ள ஓட்டை ஒன்றின் வழியாக உள்ளே வருபவர் அந்தச் சாவி இருக்கும் அதே அறைக்குள் வந்துவிடுகிறார். ப்ராசஸ் விழும்போது எழுதப்படும் நினைவகப் பிரதியிலும் சாவியும் அடியார்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவையும் ஒன்றாகக் கிடக்கும். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. தனிநபர் விவரங்கள் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டிய கடமை, சிறு சங்கம் என்பதால் நீங்கிவிடாது.

தமிழில் பதிவு செய்யும் சபைகளுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. இதை எந்த ஆங்கிலக் கையேடும் நமக்காக எடுத்துச் சொல்லாது. உள்ளே ஏற்றப்படும் ஜேவிஎம், வெப் சர்வரின் சூழல் மாறிகளை அப்படியே பெறுகிறது. டெபியன் லினக்ஸில் அப்பாச்சியின் சூழல் கோப்பு மொழி அமைப்பை ‘சி’ (அடிப்படை ஆங்கில எழுத்துகள் மட்டும்) என்றே வைக்கிறது. ஜேடிகே 18க்கு முந்திய ஜாவா, இயல்பான எழுத்துக் குறியாக்கத்தை அந்த மாறியிலிருந்துதான் முடிவு செய்யும். விளைவாக, செயலி கோப்பில் எழுதும் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். 2022 மார்ச்சில் வந்த ஜேடிகே 18 முதல்தான் எங்கும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யுடிஎஃப்-8 இயல்பானது. முகவரி வரியிலும் இதே கதை: டாம்கேட் 7 வரை இயல்பான குறியாக்கம் லத்தீன் எழுத்துகளுக்கானது, 8 முதல் யுடிஎஃப்-8. தனிப் ப்ராசஸாக இருந்தால் அதற்குரிய சேவைக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்து இதைச் சரிசெய்யலாம். வெப் சர்வரின் மற்ற வேலைகள் எதையும் தொட வேண்டியதில்லை. இதைச் சொல்லும்போதே, தமிழ் எழுத்துகள் முகவரியில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்: தமிழ் என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 15 பைட்டுகள், முகவரி வரியில் விழுக்காட்டுக் குறியோடு எழுதினால் 45 எழுத்துகள். ஏஜேபி வழியாகச் செல்லும் வேண்டுகோளின் தலைப்புகள் முழுவதும் ஒரே பொதிக்குள், இயல்பாக 8,192 பைட்டுகளுக்குள், அடங்க வேண்டும். ஆகவே நீண்ட தமிழ்ப் படிவங்களை, விவரங்களை முகவரி வரியிலேயே வைக்கும் கெட் முறையில் அனுப்பாமல், தனியே அனுப்பும் போஸ்ட் முறையில் அனுப்புவதே நல்லது.

எதிர்வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. மைக்ரோசாஃப்ட் 2018 டிசம்பரில் வெளியிட்ட, வலைச் செயலிகளுக்கான ஏஎஸ்பி டாட்நெட் கோர் 2.2இல் செயலியை ஐஐஎஸ்ஸின் பணிப் ப்ராசஸுக்குள்ளேயே ஏற்றும் முறையைக் கொண்டுவந்தது. அது நன்றாகவே நடக்கிறது. ஆனால், அங்கே ஒரு அப்ளிகேஷன் பூலுக்கு (செயலிக்கென ஒதுக்கிய ப்ராசஸ் தொகுதிக்கு) ஒரு செயலி என்பது விதி. செயலி விழுந்தால் அந்தப் பூலின் ப்ராசஸ் மட்டுமே விழும். இணைப்புகளை ஏற்கும் பகுதி கெர்னலில் தனியாக நிற்கிறது. ஆக, எல்லைச் சுவர் அகற்றப்படவில்லை, வேறொரு இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. அதுபோலவே, 2014இல் வந்த ஸ்ப்ரிங் பூட் என்னும் ஜாவா கட்டமைப்பும் அதற்கு முன்பிருந்தே ஜெட்டி என்னும் ஜாவா சர்வரும் வெப் சர்வரை ஜாவா ப்ராசஸுக்குள் வைக்கின்றன என்று சிலர் சுட்டக்கூடும். அது இதற்கு நேர் எதிர்த் திசை. அங்கே ஒரு செயலிக்கு ஒரு ப்ராசஸ். விழுந்தால் அந்தச் செயலி மட்டும் விழும். முன்னால் நிற்கும் எஞ்சின்எக்ஸ் என்னும் வெப் சர்வரோ அப்பாச்சியோ அசையாது. நம் சங்கங்கள் பெரிதும் நம்பியிருக்கும் பிஹெச்பி உலகமே அப்பாச்சிக்குள் மாட்யூலாக இருந்த நிலையிலிருந்து, 2010இல் பிஹெச்பி 5.3.3இல் சேர்க்கப்பட்ட எஃப்பிஎம் என்னும் தனிப் ப்ராசஸ் முறைக்குப் பெரும்பாலும் நகர்ந்துவிட்டது.

நம் தீவில் இன்னும் பழைய ஏற்பாட்டிலேயே ஓடும் தளங்கள் இருக்கின்றன என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சங்கம் ஒன்றின் உறுப்பினர் செயலியை அண்மையில் பார்க்க நேர்ந்தது: 32 பிட் விண்டோஸ், அதற்குள் ஐஐஎஸ், அதற்குள் ஜேவிஎம், அதற்குள் டாம்கேட். 32 பிட் ப்ராசஸுக்குக் கிடைக்கும் முகவரி வெளி இயல்பாக 2 கிகாபைட். ஜாவா தன் பொருள்களை வைக்கும் ஹீப் என்னும் நினைவகப் பகுதி இடைவெளியில்லாத ஒரே துண்டாகக் கிடைக்க வேண்டும் என்பதால், ஏற்கெனவே சிதறிக்கிடக்கும் ஐஐஎஸ் நினைவகத்தில் ஒன்றரை கிகாபைட்கூடத் தேறவில்லை. அமைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர் இன்னும் பெரிய எந்திரம் வாங்கச் சொல்லியிருந்தார். எத்தனை பெரிய எந்திரமானாலும் அந்தப் ப்ராசஸால் அந்த நினைவகத்தைத் தொடவே முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. 2025 மார்ச்சில் வந்த ஜேடிகே 24இல் 32 பிட் விண்டோஸுக்கான ஜாவாவே நீக்கப்பட்டுவிட்டது. ஜேஎன்ஐ பயன்பாட்டுக்கே அந்தப் பதிப்பு எச்சரிக்கை தரத் தொடங்கியிருக்கிறது.

இத்தகைய தளங்களைப் பிரிக்க விரும்பும் சபைகள் ஒன்றில் மட்டும் அவசரப்படக் கூடாது. பிரித்தவுடன் ஏஜேபியின் 8009 போர்ட்டை எல்லா முகவரிகளிலும் திறந்துவிடுவது பழைய நோயை மாற்றிப் புதிய நோயை வாங்குவதாகும். 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற பெயரில் வெளியான சிவிஇ-2020-1938 என்னும் பட்டியல் எண் கொண்ட பாதுகாப்பு ஓட்டை இந்தப் போர்ட்டின் வழியாகத்தான் செயலியின் உள்கோப்புகளைப் படிக்க விட்டது. டாம்கேட் 7.0.100, 8.5.51, 9.0.31 ஆகிய பதிப்புகளில் அது அடைக்கப்பட்டு, ஏஜேபி இயல்பாக அணைக்கப்பட்டது. இயக்கினாலும் லூப்பேக்கில் மட்டும் கேட்கும், பகிர்ந்த ரகசியச் சொல்லும் வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் ஏஜேபியை விட்டுவிட்டு, 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்கும் சாதாரண ஹெச்டிடிபி வழியாகவே இணைக்கலாம். வேக வேறுபாட்டை அடியார் யாரும் உணரப்போவதில்லை. பழைய செயலிகளை டாம்கேட் 9க்கு மேல் நேராக ஏற்ற முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 10 முதல் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பொதிப் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன, மாற்றித்தரும் கருவியை அப்பாச்சியே வழங்குகிறது. டாம்கேட்டுக்குத் தனிப் பயனர் கணக்கு, ஹீப்புக்கு ஒரு மேல்வரம்பு, ப்ராக்ஸிக்குக் காலவரம்பு, விழுந்தால் தானே எழும் சேவை அமைப்பு ஆகிய நான்கும் முதல் நாளிலேயே இருக்க வேண்டும். தங்கள் அலுவலகத்திலேயே எந்திரத்தை வைத்திருக்கும் சபைகள், புயல் எச்சரிக்கையின்போது மின்சாரம் போய் வந்தால் எது முதலில் எழ வேண்டும் என்ற வரிசையையும் சேவைக் கோப்பில் எழுதிவைப்பது நல்லது: தரவுத்தளம், பிறகு டாம்கேட், வெப் சர்வர் எவருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கட்டுரையாளர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் தங்கள் இதழில் அச்சானதைச் சபைக் கூட்டங்களில் எடுத்து வாசித்து அதன்படி ஒப்பந்தம் போடும் வழக்கம் இங்கே உண்டு. எனவே அந்த ஒரு யோசனையைத் திரும்பப் பெற்று, டாம்கேட்டை அதே எந்திரத்தில் தனிப் ப்ராசஸாக ஓட்டுவதற்குக் கூடுதல் வாடகை எதுவும் ஆகாது என்ற விளக்கத்தைக் கணினிப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தைப்பூசப் பதிவு தொடங்குவதற்கு முன் அது வெளிவந்தால், இப்போது விலைப்புள்ளி கேட்டுக்கொண்டிருக்கும் சபைகள் தங்கள் ஒப்பந்தக்காரரிடம் அதைக் காட்டிப் பேச வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
கணினிப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்.